திங்கட்கிழமைப் புள்ளி

17.10.2023
நமுனுகுல, மேல் டிவிஷன்
பாடசாலை குவார்ட்டஸ்

விஜேந்திரன் சேருக்கு,

இது கடிதம் இல்லை. ஒரு கணக்குச் சந்தேகம், அவ்வளவுதான். பிரிந்து வந்தவள் எழுதிவிட்டாளே என்று வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இங்கே சிக்னல் பிடிக்கக் கோவில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினாலும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும், அதைக் கேட்க மேட்டில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அதனால்தான் தபால்.

எங்கள் கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு கணக்கு சேர் தானே, பத்தாம் வகுப்ப நீங்களே கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். கணக்கு என்ன, கட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும் சிரங்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. தமிழ் டீச்சர் தலையில் கணக்கு விழுந்த கதை இதுதான்.

அடுத்த மாதக் கடைசியில் பாடசாலைக் கண்காட்சி. தோட்டத்து மழை அளவை வைத்துப் பிள்ளைகள் பெட்டிப் படம் வரைய வேண்டுமாம். இங்கே பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பும் இடத்தில், மண்சரிவுப் பயத்தால் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து வீடுகளை மூடிய பிறகு, மழை வலுத்தால் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் சோறு இறங்காது. கந்தப்பன் கங்காணி காலையில் மழைமானியை அளந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளவைக் களத்துப் பலகையில் எழுதுவார். அதில் பதினொரு அளவுகளை எடுத்துச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறோம். மில்லிமீட்டரில்:

10, 12, 13, 14, 14, 15, 16, 17, 17, 19, 33

இதில் காலணை எது, இடையம் எது, பெட்டியை எங்கே வைப்பது, அந்தக் கடைசி 33 ஏன் இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு விஷயம். நான் இங்கே தற்காலிகமாகத்தானே வந்தேன். மூன்று வருடம் நிரந்தரமாக இருக்கச் சம்மதமா என்று நவம்பர் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் பதுளைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

பதில் எழுதினால் கணக்கை மட்டும் எழுதுங்கள்.

யசோதினி


20.10.2023
பதுளை

யசோ,

கணக்கை மட்டும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

பதினொரு பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்து. நடுவில் நிற்பது ஆறாவது பிள்ளை. அதற்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். உன் வரிசையில் ஆறாவது 15. அதுதான் இடையம். இனிக் கீழ்ப் பாதி ஐவரில் நடுவில் நிற்பவரைப் பார், மூன்றாவது ஆள், 13. அது முதலாம் காலணை. மேல் பாதியில் நடு ஆள், ஒன்பதாவது, 17. அது மூன்றாம் காலணை. 13 இலிருந்து 17 வரை பெட்டி போடு, 15 இல் குறுக்கே ஒரு கோடு. மழையில் நடுப் பாதி அந்தப் பெட்டிக்குள் குடியிருக்கிறது.

பெட்டியின் நீளம் 4. அதைக் காலணையிடை வீச்சு என்போம். அதை ஒன்றரையால் பெருக்கினால் 6. பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 6 மேலே போனால் 23, கீழ் விளிம்பிலிருந்து 6 கீழே வந்தால் 7. இவை இரண்டும் வேலிகள். பெட்டிக்கு இரு பக்கமும் மீசை வரைய வேண்டும். மீசை வேலி வரைக்கும் போகாது, வேலிக்குள் இருக்கும் கடைசி அளவோடு நின்றுவிடும். ஒரு பக்கம் 10, மறு பக்கம் 19. பிள்ளைகள் எப்போதும் பிழை விடும் இடம் இது, கவனம்.

33 வேலிக்கு வெளியே கிடக்கிறது. அதை வெறும் புள்ளியாக வை. அவுட்லையர் என்பது அதைத்தான், நாம் வெளிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு அநேகமாகப் பிழை. யாரோ விளையாட்டாகத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். விட்டுவிடு. அந்த 33 முந்நூறாக இருந்தாலும் இடையம் 15 தான். சராசரி ஆடிப்போகும், இடையம் அசையாது. அதுதான் அதன் அழகு.

கணக்கு முடிந்தது. இனி எழுதுவது பிடிக்கவில்லையென்றால் கிழித்துப் போடு.

நம்முடைய ஒன்பது வருடமும் பெட்டிக்குள்தான் இருந்தது, யசோ. நாம் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததில்லை. ஆகஸ்டில் அந்த ஒரே ஒரு திங்கட்கிழமை, டியூஷன் பிள்ளைகளின் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் அடித்து உடைத்தாய். அடுத்த வீட்டு நஸ்மியா அக்கா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டேன். நீ உடுப்பை எடுத்துக்கொண்டு தெமோதரைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அங்கிருந்து அப்படியே மலைக்கு. நான் அதை ஒரு வெளிப்புள்ளி என்று எடுத்துப் போட்டுவிட்டேன். மனதில் வைத்திருக்கவில்லை. நீயும் எடுத்துப் போடு. சம்மதம் எழுதிக் கொடுக்காதே. ஜனவரியில் வந்துவிடு.

விஜேந்திரன்


25.10.2023
நமுனுகுல

சேருக்கு,

படம் வந்துவிட்டது. பெட்டிக்கு மீசை வரைந்தபோது வகுப்பே சிரித்தது. கந்தப்பன் கங்காணியின் மீசை மாதிரி இருக்கிறதென்று ஒருத்தன் சொல்ல, அரை மணி நேரம் பாடம் ஓடவில்லை.

33 பிழை, விட்டுவிடலாம் என்று நீங்கள் எழுதியபடியே சொன்னேன். விதுஷா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், மேல் லயம். எழுந்து கேட்டாள்: "டீச்சர், அது நெசமாவே பேஞ்ச மழையா இருந்தா? நாம எடுத்துட்டா பேயலன்னு ஆயிருமா?" அவள் வீட்டுக்குப் பின்னால்தான் மண் வெடித்துக் கிடக்கிறது. அவளுக்கு அது கணக்கு இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அவளுக்கு இல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் திங்கட்கிழமையை எடுத்துப் போட்டுவிட்டீர்களாம். மனதில் வைத்திருக்கவில்லையாம். எவ்வளவு பெரிய மனசு! நான் மன்னிப்புக் கேட்டேனா? எடுத்துப் போடச் சொன்னேனா?

எது நடந்தாலும் அசையாது, அதுதான் அழகு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழகோடு ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியவள் நான். ஊரில் எல்லாரும், "விஜேந்திரன் சேருக்குக் கோவமே வராதே, நீங்க குடுத்து வச்சவங்க" என்பார்கள். கோபம் மட்டுமா வராது, ஒன்றுமே வராது.

இங்கே தனிமைதான், பொய் சொல்ல மாட்டேன். பாடசாலை விட்டால் பேச ஆள் இல்லை. பின்னேரம் மழை பிடித்தால் தகரத்துச் சத்தத்தில் ரேடியோவும் கேட்காது. ஒரு முட்டை, ஒரு கோப்பை, ஒரு பாய். சில நாள் பிள்ளைகளின் கட்டுரைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், என் குரலாவது வீட்டில் இருக்கட்டும் என்று. ஆனாலும் அங்கே சனியும் ஞாயிறும் அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற தனிமை இதைவிட மோசம்.

யசோதினி


30.10.2023
பதுளை

யசோ,

எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கோபப்படாதே.

விதுஷா கேட்டதுதான் சரியான கேள்வி. வெளிப்புள்ளி என்றால் பிழை என்று அர்த்தமில்லை. பிழையாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். எடுத்துப் போடுவதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்கு எழுதும்போது மட்டும் அவசரப்பட்டுவிட்டேன்.

ஒன்று கவனித்தாயா? நீ எண்களை அடுக்கிவிட்டு எழுதினாய். அடுக்கியவுடன் எந்த எண் எந்த நாளுடையது என்பது தொலைந்துவிடும். பெட்டிப் படத்தில் அது ஒரு குறை. எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. பலகையில் இருந்ததைப் பழைய வாரங்களோடு யாராவது எழுதி வைத்திருந்தால் வாங்கிப் பார். வெளியே விழும் புள்ளிகள் எந்த எந்த நாள் என்று பிள்ளைகளைத் தேடச் சொல். கந்தப்பனிடமும் கேள்.

இங்கே ஒன்றும் புதிதில்லை. பிள்ளைகள் இப்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டு வருகிறார்கள். எனக்கு நானே தேத்தண்ணீர் ஊற்றிப் பழகிவிட்டேன். சீனி எவ்வளவு என்பதுதான் இன்னும் சரிவரவில்லை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு அவர்கள் உட்காரும் வாங்குகளை அடுக்குவேன். அடுக்கி முடித்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று முன்பு யோசித்ததில்லை.

விஜேந்திரன்


4.11.2023
நமுனுகுல

நீங்கள் சொன்னபடி தேடினோம். ஆகஸ்டிலிருந்து எழுதியதெல்லாம் தோட்டத்து ஆபீஸில் கிடைத்தது. வாரம் தவறாமல் மழை பெய்த காலத்தில் வேலிக்கு வெளியே விழுந்த புள்ளிகள் எல்லாமே திங்கட்கிழமை. ஒன்றுகூட வேறு நாள் இல்லை. விதுஷா கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். அப்புறம், "திங்கக்கெழம மட்டும் ஏன் டீச்சர் வானம் அப்பிடி ஊத்துது?" என்றாள்.

கந்தப்பனைப் பிடித்துக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம பெரட்டு இல்லீங்களே டீச்சர். பெரட்டு இல்லாம நா எதுக்கு மேல வாறேன்? சனிக்கெழம காலைல அளந்து கொட்டுனா, அடுத்தது திங்கக்கெழம காலைல தான். கெடக்குறத அளந்து எழுதுறேன், கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல."

அவ்வளவுதான் விஷயம். 33 ஒரு நாள் மழை இல்லை. சனிக்கிழமை பெய்ததும் ஞாயிற்றுக்கிழமை பெய்ததும் ஒன்றாகச் சேர்ந்து கிடந்து, திங்கட்கிழமையின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாகப் பிரித்தால் பதினாறோ பதினேழோ. எல்லா நாளும் போலத்தான், பெட்டிக்குள்ளேயே உட்காரும்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பிலேயே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். என் திங்கட்கிழமையை எப்படிச் சொல்வதென்று இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் வாசியுங்கள்.

அந்த ஆகஸ்டில் நான் உண்டாகியிருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. எத்தனை தடவை ஆசைப்பட்டு ஏமாந்திருக்கிறோம், இந்த முறை துடிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். சனிக்கிழமை தனியாகத்தான் ஸ்கேனுக்குப் போனேன், உங்களுக்குக் கிளாஸ். துடிப்பு இல்லை என்றார்கள். பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தால் வாசல் முழுக்கச் செருப்பு. நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே, "யசோ, வந்துட்டியா? பிள்ளைங்களுக்குத் தேத்தண்ணி" என்றீர்கள். ஊற்றினேன். எல்லாருக்கும் ஊற்றினேன்.

அன்று கிளாஸ் முடிந்ததும், உங்களோடு ஒன்று பேச வேண்டும் என்றேன். "நாளைக்கு மொடல் பேப்பர் இருக்கு, திங்கக்கெழம பேசுவோமே" என்றீர்கள். ஞாயிறு காலையிலும் கேட்டேன். அதே பதில். ஞாயிறும் ஊற்றினேன். வயிற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு ஊற்றினேன். திங்கட்கிழமை காலையில் கழுவாத கோப்பைகள் வாங்குக்கு அடியில் வரிசையாகக் கிடந்தன. மிச்சத்தை நஸ்மியா அக்கா பார்த்திருக்கிறார்.

வயிற்றில் இருந்தது தெமோதரையில், அக்கா வீட்டில் இருந்தபோது போய்விட்டது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் வந்து பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

யசோதினி


8.11.2023
பதுளை

யசோ,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்ப வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நீ மஞ்சள் குடையோடு வந்தாய். தட்டை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாய். பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, இருபடிச் சமன்பாட்டுக்குத் திரும்பிவிட்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நமக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமலே வந்து எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. உன்னோடு உட்கார்ந்து அழ வேண்டிய நாளில் நான் புள்ளி போட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு தீபாவளி. நான் வரட்டுமா?

விஜேந்திரன்


10.11.2023
நமுனுகுல

கடிதம் கிடைத்தது. அதிபர் பதுளைக்குப் போகிறார், இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வராதீர்கள். தீபாவளிக்குக் கிளாஸ் இல்லை. கிளாஸ் இல்லாத நாளில் யாரும் வருவார்கள். அக்கா வருகிறாள், முறுக்குச் சுட வேண்டும்.

சம்மதக் கடிதம் மேசையில்தான் கிடக்கிறது. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

யசோதினி


15.11.2023
பதுளை

யசோ,

ஞாயிறு கிளாஸை நிறுத்திவிட்டேன். இந்த ஒரு ஞாயிறு மட்டுமில்லை, இனி இல்லை. வாசலில் எழுதி ஒட்டியாகிவிட்டது. டியூஷனுக்கு வரும் காமிலாவின் உம்மா வந்து, "சோதனை நேரத்துல இப்பிடிச் செஞ்சா எப்பிடி சேர்?" என்று சத்தம் போட்டார். கிழமை நாளில் பின்னேரம் எடுக்கிறேன் என்றேன். பாதிப் பேர் வேறு மாஸ்டரிடம் போகிறார்கள். போகட்டும்.

வரும் ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் கதவைத் தட்ட மாட்டேன். பெரட்டுக் களத்துக்குப் போய் மழைமானியை அளந்து பலகையில் ஞாயிறு என்று எழுதுவேன். பிறகு அங்கே உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் வா. வராவிட்டால் பின்னேரப் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். அடுத்த ஞாயிறும் வருவேன்.

கந்தப்பனிடம் சொல்லி வை. யாரோ களவுக்கு வந்திருக்கிறான் என்று சத்தம் போட்டுவிடப் போகிறார்.

விஜி


20.11.2023, திங்கள்
நமுனுகுல

விஜி,

இன்று காலை அளவு 14. நேற்று உங்கள் கையெழுத்தில் 16. பலகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கந்தப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "சேர் ஞாயித்துக்கெழமைக்கும் ஒரு கோடு போட்டுட்டாரே, இனிமே யாரு வந்து அளக்குறது?" என்றார். நான் அளக்கிறேன் என்றேன். விதுஷா கடந்த செவ்வாயிலிருந்து இன்று வரையான அளவுகளை வைத்துப் புதுப் படம் வரைந்துவிட்டாள். வெளியே ஒரு புள்ளியும் இல்லை. கண்காட்சியில் பழைய படத்தையும் பக்கத்தில் மாட்டப் போகிறாளாம், ஏன் என்று வருகிறவர்கள் கேட்க வேண்டுமாம்.

நேற்று நீங்கள் வந்ததை ஜன்னலால் பார்த்தேன். உடனே இறங்கி வரவில்லை. நீங்கள் களத்துச் சீமெந்துத் திட்டில் மழைக்கு ஒடுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைக் காத்திருக்க வைத்ததுக்கு நீங்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று ஒரு மனம். பாவம் நனைகிறார் என்று இன்னொரு மனம். பிறகுதான் குடையை எடுத்தேன்.

நீங்கள் வேறொன்றும் சொல்லாமல், "அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது, முதல்ல இருந்து சொல்லு" என்று கேட்டீர்கள். கடிதத்தில் எல்லாம் எழுதிவிட்டேனே, இன்னும் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் எவ்வளவோ இருந்தது. நீங்கள் அழுததைக் கந்தப்பன் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேலே வரமாட்டேன் என்றவர் நேற்று மட்டும் வேவு பார்க்க வந்திருக்கிறார். யாரிடமும் சொல்ல மாட்டாராம். நானும் சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் கேட்கத் துணியாமல் பஸ் ஏறிய விஷயம். சம்மதக் கடிதத்தில் இன்று காலை கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று வருடம். உங்களைத் தண்டிக்க இல்லை, அப்படி நினைத்து உருகாதீர்கள். அந்த வீட்டில் நான் சேருடைய மனைவி, தேத்தண்ணீர் கொடுக்கிறவள். இங்கே பிள்ளைகள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். அந்த வாசலுக்கு இப்போது திரும்பி வந்தால் செருப்புகள்தான் எனக்குத் தெரியும். இங்கே பின்னேரங்கள் இன்னும் நீளம்தான், தகரத்தில் மழை அதே சத்தம்தான். ஆனால் அதை என்னால் தாங்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஓடுகிறது. நேற்று உங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது என்றீர்கள்.

நான் இங்கே வந்தபோது ஒரு கோப்பைதான் கொண்டு வந்தேன். நேற்று மாறி மாறிக் குடித்தோம். இன்று பாடசாலை விட்டதும் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினேன். அடுத்த ஞாயிறு நீங்கள் ஊற்றுங்கள். சீனி எவ்வளவு என்று நான் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு.

யசோ